வெளிக்களத்தில் எங்கே நிற்பது? பேஸ்போல் வீரர் ட்ரிஸ் ஸ்பீக்கரை வைத்துப் பிள்ளைகளைப் பழக்கும் முறை

எல்லே (மட்டையால் டெனிஸ் பந்தை அடித்துவிட்டு ஓடும் எங்கள் இலங்கை ஆட்டம்) ஆட அணி பிரிக்கும்போது நன்றாக எறிபவரையும் வேகமாக ஓடுபவரையும் முன்னால் நிறுத்திவிட்டு, மிஞ்சுகிற சின்னப் பிள்ளையை "நீ அங்கால போய் நில்" என்று வேலியோரம் அனுப்பிவிடுவார்கள். வன்னியில் நான் பார்த்த மைதானங்களில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. அந்தப் பிள்ளையும் போய் நிற்கும். பந்து அந்தப் பக்கம் வராது. வேலியில் இருக்கும் ஓணானைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது திடீரென்று ஒரு பந்து தலைக்கு மேல் வரும், எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள். அந்தப் பிள்ளைக்காகவும், அதைப் பழக்க மனமுள்ளவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நான் விசுவமட்டுப் பக்கம் பின்னேரங்களில் பெண் பிள்ளைகளுக்கு எல்லேயும், கழகப் பெடியன்களுக்கு மென்பந்துக் கிரிக்கெட்டும் பழக்குகிறேன். பிள்ளைகள் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் ஊரில் யாரும் பேஸ்போல் ஆடுவதில்லை. கொழும்புக்கு அங்கால தியகமவில் ஜப்பான் உதவியோடு கட்டிய பேஸ்போல் மைதானம் ஒன்று இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு அது வெகு தூரம். கனடாவில் இருக்கும் என் தம்பிக்குப் பேஸ்போல் என்றால் உயிர். அவன் சொல்லித்தான் ட்ரிஸ் ஸ்பீக்கர் என்ற அந்தக் காலத்து அமெரிக்க பேஸ்போல் வீரரைத் தெரியும். இன்று வெளிக்களத்தை, அதாவது தளங்களுக்கு அங்கால தூரத்தில் இருக்கும் பகுதியைப் பற்றி நான் சொல்லிக்கொடுப்பதில் பெரும்பகுதியை அந்த மனிதரின் ஆட்டத்தை வைத்தே சொல்கிறேன். அவர் ஆடிய ஆட்டமும் நாங்கள் ஆடும் எல்லேயும் அடிப்படையில் ஒரே வேலைதான்: அடி, தளம் தளமாக ஓடு, மற்றப் பக்கம் பந்தைப் பிடி, ஓடுபவரை வெளியேற்று.

முதலில் ஆளை அறிமுகப்படுத்திவிடுகிறேன். பிள்ளைகளுக்கும் இப்படித்தான் தொடங்குவேன்.

ஸ்பீக்கர் 1888இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஹபார்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1907இல் பொஸ்டன் ரெட் சொக்ஸ் அணிக்குள் வந்தார். முதலில் அங்கே அவரை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1908 தொடக்கத்தில் லிட்டில் ரொக் என்ற ஊரில் பயிற்சி எடுத்த பொஸ்டன் அணி, மைதான வாடகைக்கு ஈடாக அவரை அந்த ஊர் அணியிடம் விட்டுவிட்டுப் போனது என்று சொல்வார்கள். அதே ஆண்டில் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். 1909 முதல் 1915 வரை பொஸ்டனின் நடு வெளிக்களம் அவருடையது. சம்பளத் தகராறில் 1916இல் கிளீவ்லண்ட் அணிக்கு விற்கப்பட்டார், அங்கே சேர்ந்த அதே ஆண்டில் .386 சராசரியோடு (ஆயிரம் முறை அடிக்க முயன்றால் 386 முறை அடித்துத் தளம் சேரும் கணக்கு), டை கொப் என்ற வீரர் ஆண்டாண்டாக விடாமல் வைத்திருந்த அடிப்பவருக்கான பட்டத்தைப் பறித்தார். பிறகு அந்த அணிக்கே ஆடிக்கொண்டு முகாமையாளராகவும் இருந்தார். கடைசி இரண்டு ஆண்டுகள் வொஷிங்டனிலும் பிலடெல்பியாவிலும் ஆடி 1928இல் நிறுத்தினார். மொத்தம் 3,514 முறை பந்தை அடித்துத் தளம் சேர்ந்தவர். ஒரே அடியில் இரண்டாம் தளம் வரை போனது மட்டும் 792 தடவை. அந்தச் சாதனையை இன்றுவரை ஒருவரும் தொடவில்லை.

இதெல்லாம் மட்டையோடு செய்தது. நான் பிள்ளைகளின் தலையில் பதிய வைக்கும் எண் வேறு: 449. வெளிக்களத்தில் நின்றுகொண்டு, தான் எறிந்த எறியால் ஓட்டக்காரரை வெளியேற்ற உதவியது அத்தனை தடவை. இதுவும் இன்றுவரை முறியாத சாதனை. 1909இல் ஒரே பருவத்தில் 35, 1912இல் மறுபடியும் 35. ஒரு வெளிக்களக்காரரால் இவ்வளவு எப்படி முடிந்தது? கை பலம் ஒரு காரணம். பெரிய காரணம், அவர் நின்ற இடம்.

முன்னால் வந்து நில்லுங்கள்

மற்ற வெளிக்களக்காரர்கள் தூரத்தில் நின்ற காலத்தில் ஸ்பீக்கர் இரண்டாம் தளத்துக்குப் பின்னால், பார்ப்பவர்கள் பயப்படும் அளவுக்குக் கிட்ட வந்து நின்றார். தலைக்கு மேல் போய் விழும் பந்துகளைவிட, தளங்களுக்குப் பக்கத்தில் நிற்பவர்களைத் தாண்டி முன்னால் பொத்தென்று விழும் பந்துகளால்தான் அதிக ஆட்டங்கள் தோற்கின்றன என்பது அவருடைய கணக்கு. எப்போதாவது ஒரு பந்து தலைக்கு மேல் போகும், போகட்டும். முன்னால் விழும் பத்தைத் தடுத்தால் அதை ஈடுகட்டலாம்.

கிட்ட நின்றதால் எறிய வேண்டிய தூரம் குறைந்தது, 449 வந்தது. அது மட்டுமல்ல. பந்தை ஓடிவந்து பிடித்து, அதே வேகத்தில் தானே ஓடிப்போய் இரண்டாம் தளத்தை மிதித்து, தளத்தை விட்டு முன்னேறிவிட்ட ஓட்டக்காரரையும் சேர்த்து வெளியேற்றியிருக்கிறார். வேறு யாருடைய கையும் படாமல் ஒருவரே இரண்டு பேரை அனுப்புவது. 1918 ஏப்ரலில் மட்டும் அதை இரண்டு முறை செய்தார். வெளிக்களக்காரர் ஒருவர் இதைச் செய்வது எத்தனை அரிது என்று தம்பியிடம் கேட்டால் அரை மணித்தியாலம் பேசுவான்.

சரி, இதை எங்கள் மைதானத்தில் செய்வது எப்படி? ஊகத்தில் செய்ய வேண்டாம். ஒரு பின்னேரம் முழுக்க யாரையும் பந்து பிடிக்க விடாதீர்கள். உங்கள் அணியில் நன்றாக அடிப்பவர், நடுத்தரமாக அடிப்பவர், புதிதாக வந்தவர் என்று மூன்று பேரைத் தெரிந்தெடுத்து மாறி மாறி அடிக்கவிடுங்கள். ஒவ்வொரு பந்தும் முதலில் நிலத்தில் படும் இடத்தில் ஒரு பிள்ளை ஓடிப்போய்க் குச்சி குத்த வேண்டும். ஒவ்வொருவருக்கும் வேறு வேறு மரத்துக் குச்சி: ஒருவருக்கு வேப்பங்குச்சி, ஒருவருக்குப் பூவரசு, ஒருவருக்கு ஈர்க்கு. முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். வேலியோரம் கிடப்பவை கொஞ்சம்தான். உள்ளே நிற்பவர்களின் தலைக்கும் வெளியே நிற்பவர்களின் காலுக்கும் இடையில், யாரும் நிற்காத ஒரு பட்டையில்தான் குச்சிகள் நெருக்கமாக நிற்கும். அதைத் தங்கள் கண்ணால் பார்த்த பிறகு பிள்ளைகளுக்கு நீங்கள் எதையும் விளக்கத் தேவையில்லை.

இப்போது ஒரு பிள்ளையை அந்தப் பட்டைக்குக் கொஞ்சம் பின்னால் நிறுத்துங்கள். எந்தக் குச்சிக்கும் நிற்கும் இடத்திலிருந்து ஓடிப் போய்ச் சேர முடிகிறதா என்று ஓடவிட்டுப் பாருங்கள். முன்னால் இருப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் போய்ச் சேர முடிய வேண்டும். பின்னால் ஒன்றிரண்டு தவறலாம். அதுதான் அந்தப் பிள்ளைக்கான இடம். வேகமாக ஓடும் பிள்ளைக்கு அது இன்னும் முன்னால் வரும், மெதுவாக ஓடும் பிள்ளைக்குச் சற்றுப் பின்னால். எல்லோருக்கும் ஒரே கோடு கீறி வைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் இதில் ஒரு கவனம் வேண்டும். ஸ்பீக்கர் இளமையில் ஆடிய காலத்துப் பந்து அதிக தூரம் போகாத பந்து. ஒரே பந்தை ஆட்டம் முடியும்வரை வைத்து ஆடுவார்கள், அது அழுக்கேறித் தொளதொளத்துப் போகும். 1912இல் ஸ்பீக்கர் ஆடிய அமெரிக்கன் லீக்கில் மிக அதிகமாக ஹோம் ரன் (ஒரே அடியில் எல்லாத் தளத்தையும் சுற்றி வருவது) அடித்தவர்கள் அடித்ததே 10தான். அந்த இருவரில் ஒருவர் ஸ்பீக்கர். எட்டு ஆண்டு கழித்து 1920இல் பேப் ரூத் ஒருவரே 54 அடித்தார். ஆட்டமே மாறிவிட்டது. ஆகவே எங்கே நிற்பது என்பதைப் பந்தும் தீர்மானிக்கிறது. டின்னிலிருந்து எடுத்த புது டெனிஸ் பந்து என்றால் சில அடி பின்னால் போங்கள். காற்று இறங்கிய பழைய பந்து, பனியில் நனைந்த பந்து என்றால் தைரியமாக முன்னால் வாருங்கள். ஆட்டம் தொடங்க முன் பந்தைக் கையில் வாங்கி அமத்திப் பார்க்கும் பழக்கத்தை வெளிக்களத்தில் நிற்கும் பிள்ளைகளுக்கும் கொடுங்கள். எறிபவர்தான் பந்தைப் பார்க்க வேண்டும் என்று யார் சொன்னது?

கிரிக்கெட் ஆடுபவர்களுக்கு இன்னொன்று. அங்கே எல்லைக்கோடு இருக்கிறது. முன்னால் விழுந்தால் ஓர் ஓட்டம், தலைக்கு மேல் போனால் நான்கு. ஸ்பீக்கரின் கணக்கை அப்படியே கொண்டுவந்து வைத்தால் பிழைக்கும். கடைசி ஓவர்களில் எல்லையில் நிற்பதுதான் சரி. ஆனால் புதிதாக வந்த துடுப்பாட்டக்காரர் ஒவ்வோர் ஓட்டமாகத் தட்டிக்கொண்டிருக்கும்போதும் எல்லையிலேயே நிற்பது வெறும் பழக்கத்தால்தான்.

பின்னால் ஓடப் பழகாதவர் முன்னால் நிற்க முடியாது

கிட்ட நிற்கும் துணிச்சல் ஸ்பீக்கருக்கு வந்தது பின்னோக்கி ஓடுவதில் இருந்த தேர்ச்சியால். பொஸ்டனில் அவர் சின்னப் பெடியனாக இருந்தபோது, அதே அணியில் இருந்த சை யங் அவருக்காக நேரம் ஒதுக்கி உயரப் பந்துகளை அடித்துக்கொடுத்துப் பழக்கினார். 511 வெற்றிகளோடு பந்தெறிபவர்களில் முதலிடத்தில் இன்றும் இருப்பவர் சை யங். அப்படிப்பட்ட மூத்தவர் ஒரு புதுப் பிள்ளைக்காக மட்டையைத் தூக்கினார் என்பதைக் கழகங்களில் இருக்கும் அண்ணன்மாருக்கு நான் அடிக்கடி ஞாபகப்படுத்துவேன்.

பழக்கும் முறை இதுதான். பிள்ளை உங்களுக்கு முன்னால், உங்களைப் பார்த்தபடி நிற்கட்டும். நீங்கள் கையை வலது பக்கமோ இடது பக்கமோ காட்டியதும், அந்தப் பக்கத்துக் காலைப் பின்னால் எடுத்து வைத்து, இடுப்பைத் திருப்பி, முழுதாக ஓட வேண்டும். நெஞ்சு உங்களைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடக்கவோ ஓடவோ கூடாது. எங்கள் கிரவல் நிலத்தில் அப்படிப் போனால் பின்தலை அடிபட விழுவார்கள். ஓடும்போது தோளுக்கு மேலால் திரும்பிப் பந்தைப் பார்க்கலாம். கொஞ்ச நாள் பந்தில்லாமல் காலை மட்டும் பழக்குங்கள். பிறகு கையால் பந்தை அவர்கள் தலைக்கு மேல் எறியுங்கள். மட்டையால் உயர அடித்துக்கொடுப்பது கடைசியில்தான். உங்களுக்கு அப்படி அடிக்க வராவிட்டால் பரவாயில்லை, கையால் எறிவதே போதும்.

நேராகத் தலையை நோக்கி வரும் பந்துதான் எல்லாவற்றிலும் கடினம். தூரம் போகிறதா கிட்ட விழுகிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. சந்தேகமாக இருந்தால் முதல் அடி பின்னால் வைக்கச் சொல்லுங்கள். பின்னால் போனவர் முன்னால் வரலாம், முன்னால் வந்துவிட்டவர் திரும்பிப் போய்ப் பிடிப்பது கஷ்டம்.

காற்றும் வெயிலும்

சோளகக் காற்று வீசும் காலத்தில் எங்கள் பக்கம் வந்து ஆடிப் பாருங்கள். வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி தாண்டும் வரை தென்மேற்கிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கும். புழுதி பறந்து கண்ணைக் கரிக்கும். அந்தக் காற்றுக்கு எதிராக உயர்ந்த பந்து, உச்சிக்குப் போனதும் தயங்கி, அடித்தவர் பக்கமே திரும்பி இறங்கும். காற்றோடு போகும் பந்து நினைத்ததைவிட நெடுகப் போகும். குறுக்கே அடித்தால் பிள்ளையின் கைக்கு வருவதுபோல் வந்து ஒரு முழம் தள்ளி விழும். டெனிஸ் பந்து பாரமில்லாதது என்பதால் இதெல்லாம் இன்னும் கூடுதலாகத் தெரியும்.

ஆகவே ஒவ்வொரு முறை களத்தில் இறங்கும்போதும் ஒரு பிடி மண்ணை எடுத்து மெதுவாக விட்டுப் பார்க்க வேண்டும். அது போதாது. நிலத்தில் காற்று ஒரு பக்கமும், பனை உயரத்தில் வேறு பக்கமும் அடிக்கும் நாட்கள் உண்டு. மைதானத்தைச் சுற்றி நிற்கும் பனை ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது என்றும் பாருங்கள். பந்து அந்த உயரத்துக்குத்தான் போகப்போகிறது. காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து அடிப்பவரை நோக்கிப் போனால் முன்னால், அடிப்பவர் பக்கமிருந்து உங்கள் முகத்துக்கு வந்தால் பின்னால். குறுக்கே அடித்தால் பந்து எங்கே இறங்கும் என்று நினைக்கிறீர்களோ அதைத் தாண்டி ஓரடி காற்று போகும் பக்கம் நிற்க வேண்டும்.

பின்னேர வெயில் கண்ணில் விழுந்தால் ஒரு கையை உயர்த்திச் சூரியனை மறைத்துக்கொண்டு, உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பிப் பந்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பழகிவிடும்.

இரண்டு கை

ஸ்பீக்கர் காலத்துக் கையுறை சின்னது. இப்போது இருப்பதுபோலப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வலைபோல் தோல் பின்னிய கையுறை 1920 வாக்கில்தான் வந்தது. அதற்கு முன் ஆடியவர்கள் ஏறக்குறைய உள்ளங்கையால்தான் பந்தை வாங்கினார்கள், மற்றக் கை உடனே வந்து மூடியது. எங்கள் பிள்ளைகளுக்குக் கையுறையே இல்லை. ஆகவே அவர்கள் செய்த மாதிரியே செய்கிறோம்: விரல்கள் மேல்நோக்கி, இரண்டு கையும் நெற்றிக்கு முன்னால், பந்து படும்போது கைகள் கொஞ்சம் உள்ளே இழுபட வேண்டும். டெனிஸ் பந்து கையில் பட்டுத் துள்ளும். விறைத்த கையில் அது நிற்காது.

உருண்டு வரும் பந்துக்கு ஒரு முழங்காலை மடக்கி, உடம்பைப் பந்துக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும். கோடையில் காய்ந்து வெடித்த நிலத்தில் பந்து எப்படி எழும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எறிவது

ஸ்பீக்கர் பிறவி வலக்கைக்காரர். சிறுவயதில் குதிரையிலிருந்து விழுந்து வலது கை முறிந்தது. அதனால் இடது கையால் எறியப் பழகினார். அந்த 449உம் இடது கையால் வந்தவை. ஒரு கை போனால் மறு கையால் எல்லாம் பழகலாம் என்பதை எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் விளையாட்டு என்று வரும்போது கை வழங்காத பிள்ளையைத் தண்ணீர் கொண்டுவர விடுகிறோம். அப்படிச் செய்யாதீர்கள். முதலில் சுவருக்கு எறியவிடுங்கள், பிறகு கிட்ட நிற்பவருக்கு, பிறகு தூரத்துக்கு.

நின்ற இடத்திலிருந்து எறிந்தால் கை மட்டும்தான் வேலை செய்யும். பந்து இறங்கும் இடத்துக்கு ஓரிரு அடி பின்னால் நின்று, முன்னால் வந்துகொண்டே பிடிக்கச் சொல்லுங்கள். அந்த வேகம் அப்படியே எறிக்குள் போகும். உயரத் தூக்கி எறியக் கூடாது. தாழ்வாக, தேவையானால் ஒரு குத்தோடு போய்ச் சேரட்டும். தூரமென்றால் இடையில் நிற்பவரின் நெஞ்சுக்கு. எல்லேயில் ஓடுபவர் மேல் பந்து பட்டால் அவர் ஆட்டமிழப்பார் என்பதால் பிள்ளைகள் கோபத்தில் தலைக்கு எறிந்துவிடுவார்கள். இடுப்புக்குக் கீழே மட்டும் குறி வைக்க முதல் நாளிலிருந்தே பழக்க வேண்டும். அதோடு, ஓடிப்போய்த் தொடக்கூடிய தூரத்தில் ஓட்டக்காரர் நின்றால் எறியவே வேண்டாம், ஓடுங்கள். ஸ்பீக்கர் செய்தது அதுதான்.

உங்கள் மைதானத்தைப் படியுங்கள்

பொஸ்டனின் ஃபென்வே பார்க் 1912இல் திறந்தபோது இடது வெளிக்களத்தின் கடைசியில் சுவரடியில் மண்மேடு ஒன்று இருந்தது. ஏறக்குறைய 10 அடி உயரம். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்ற டஃபி லூயிஸ் அந்தச் சரிவில் ஏறிப் பந்து பிடிக்க அத்தனை பழகியிருந்ததால் அதற்கு அவர் பெயரே நின்றது. வலது பக்கம் ஹரி ஹூப்பர். இந்த மூவரும் 1910 முதல் 1915 வரை சேர்ந்து நின்ற வெளிக்களம் போல் இன்னொன்று வரவில்லை என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு.

எங்கள் மைதானங்களிலும் மேடு பள்ளம் இருக்கிறது. குளக்கட்டுச் சரிவு, மாட்டு வண்டித் தடம், மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும் மூலை. ஆட்டம் தொடங்க முன் தன் பக்கத்தை ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தரம் நடந்து பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் மிகக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நிற்கும் பக்கம், அல்லது யாரும் துப்புரவாக்காத பற்றைக்குள் பந்து போனால் பந்தை மறந்துவிட வேண்டும். புதுப் பந்து என்றாலும் வேண்டாம். கண்ணிவெடி அகற்றும் வேலை முடிந்த காணியா என்று கிராம அலுவலரிடம் கேட்டுத் தெரிந்த பிறகே மைதானம் தெரிவு செய்யுங்கள்.

குரல்

1912 ஒக்டோபர் 16. அமெரிக்க பேஸ்போலில் அந்த ஆண்டின் வெற்றி அணியைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் கடைசி ஆட்டம். தொடரில் பொஸ்டனும் நியூயோர்க் ஜயன்ற்ஸும் சமநிலை. பத்தாவது இனிங்ஸில் ஜயன்ற்ஸ் 2–1 என்று முன்னிலை. பொஸ்டன் அடிக்க வருகிறது. கிளைட் எங்கிள் உயரத் தூக்கி அடித்த சுலபமான பந்து நடு வெளிக்களத்தில் ஃப்ரெட் ஸ்னொட்கிராஸின் கைக்குள் போய் நழுவி விழுந்தது. எங்கிள் இரண்டாம் தளத்தில்.

கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கர் அடிக்க வந்தார். அவர் அடித்த பந்து முதல் தளத்துக்குப் பக்கத்தில், கோட்டுக்கு வெளியே உயரத்தில் எழும்பியது. பிடித்திருந்தால் அவர் ஆட்டமிழந்திருப்பார். சுற்றி மூன்று பேர் நின்றார்கள்: முதல் தளத்தில் மேர்க்கிள், அடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்து பிடிக்கும் மெயர்ஸ், பந்தெறிந்த மத்தியூசன். மிகக் கிட்ட நின்றவர் மேர்க்கிள். மத்தியூசன் கூப்பிட்டதோ மெயர்ஸை. மேர்க்கிள் நின்றுவிட்டார், மெயர்ஸால் வந்துசேர முடியவில்லை, மூவருக்கும் நடுவில் பந்து நிலத்தில் விழுந்தது. இன்னொரு வாய்ப்புக் கிடைத்த ஸ்பீக்கர் அடுத்து அடித்த அடியில் எங்கிள் ஓடிவந்து ஆட்டத்தைச் சமன் செய்தார். பிறகு லரி கார்ட்னரின் அடியில் வெற்றி ஓட்டம். 3–2.

இந்தக் கதையை நான் நிலத்தில் குச்சியால் கீறிக் காட்டுவேன். மூன்று பேரை நிறுத்திப் பந்தை நடுவில் எறிவேன். முறை இது: பிடிக்கப்போகிறவர் "எனக்கு" என்று மூன்று தரம், தொண்டை கிழியச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அவர் பெயரைத் திருப்பிச் சொல்லிவிட்டு விலக வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கூப்பிட்டால், பந்தைப் பார்த்து முன்னோக்கி ஓடிவருபவருக்கே முதலிடம்; வெளிக்களப் பிள்ளை கூப்பிட்டால் உள்ளே நிற்பவர் விட்டுக்கொடுக்க வேண்டும். எங்கள் பெண் பிள்ளைகள் சத்தம் போட வெட்கப்படுவார்கள். வீட்டில் மெல்லப் பேசு என்று வளர்த்த பிள்ளைகள் அவர்கள். மைதானத்தில் சத்தம் போடுவது மரியாதைக்குறைவு அல்ல என்று அம்மாமாருக்கும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன்.

ஸ்னொட்கிராஸைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் விட மாட்டேன். பந்தை நழுவவிட்ட பிறகு அடுத்து வந்தவர் ஹூப்பர். அவர் அடித்த பலத்த அடியை ஓடிப்போய் அருமையாகப் பிடித்தவரும் இதே ஸ்னொட்கிராஸ்தான். ஒரு சில நிமிடத்துக்கு முன் உலகமே பார்க்கப் பந்தை விட்ட மனிதர். அந்தப் பிடியை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. அவர் பிற்காலத்தில் கலிபோர்னியாவில் ஒரு நகரத்தின் மேயராகக்கூட இருந்தார். ஆனால் 1974இல் 86 வயதில் இறந்தபோது நியூயோர்க்கின் பெரிய செய்தித்தாள் தலைப்பிலேயே 1912இல் பந்தை நழுவவிட்டவர் என்று போட்டது. அறுபத்திரண்டு ஆண்டுகள் கழித்து! எனக்கு அதைக் கேட்டபோது மனம் கொதித்தது.

ஆகவே பழக்குபவர்களே, பந்தை விட்ட பிள்ளையைப் பார்த்துக் கத்தாதீர்கள். அடுத்த பந்தையும் அதே பிள்ளைக்கே அடித்துக்கொடுங்கள். ஆட்டத்தின் நடுவில் என்றால், பக்கத்தில் நிற்பவர் போய் "அடுத்தது உனக்குத்தான்" என்று சொல்லிவிட்டு வரட்டும். பிறகு அந்தப் பிள்ளை நல்லதொன்றைப் பிடித்தால், அதை மாலையில் எல்லோர் முன்னாலும் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்.

இருட்ட முன் நிறுத்துங்கள்

1920 ஓகஸ்ட் 16. ஸ்பீக்கர் முகாமையாளராக இருந்த கிளீவ்லண்ட் அணியின் ரே சப்மன் நியூயோர்க்கில் அடித்துக்கொண்டிருந்தார். கார்ல் மேஸ் எறிந்த பந்து தலையில் பட்டது. அடுத்த நாள் விடியப்புறம் இறந்துபோனார். அழுக்கேறிய பந்தை அவர் கண் பிடிக்கவில்லை என்றே பலரும் நம்புகிறார்கள். அதன் பிறகுதான் அழுக்கான பந்துகளை உடனுக்குடன் மாற்றும் வழக்கம் வலுத்தது. சப்மன் ஸ்பீக்கரின் நெருங்கிய நண்பர். அந்தத் துக்கத்தோடு அணியைக் கூட்டிக்கொண்டுபோய் அதே ஆண்டில் உலகத் தொடரை வென்றார் ஸ்பீக்கர்.

எங்கள் செம்மண் பந்தில் ஏறினால் பொழுதுபடும் நேரத்தில் பந்தும் நிலமும் ஒரே நிறம். கடினப்பந்து ஆடுபவர்கள் அந்த நேரத்தில் ஆடவே கூடாது. பந்து கண்ணுக்குத் தெளிவாகத் தெரியவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னாலே ஆட்டத்தை நிறுத்துங்கள். இன்னும் ஓர் ஓவர்தானே என்று கெஞ்சுவார்கள். விடாதீர்கள். பந்தை ஒரு ஈரத்துணியால் இடைக்கிடை துடைத்துக்கொள்வதும் நல்லது.

உள்ளே நின்றவரை வெளியே மாற்றும்போது

ஆட்டத்தை விட்டுப் பல ஆண்டு கழித்து ஸ்பீக்கர் கிளீவ்லண்டுக்கு மறுபடி வந்து பழக்குநராக இருந்தார். அப்போது அங்கே லரி டோபி வந்திருந்தார். 1947இல் அமெரிக்கன் லீக்கில் ஆடிய முதல் கறுப்பின வீரர். உள்ளே, இரண்டாம் தளத்தில் ஆடிப் பழகியவர். அணிக்குத் தேவைப்பட்டதோ வெளிக்களத்தில். அறுபது வயதை எட்டிக்கொண்டிருந்த ஸ்பீக்கர் அவரைப் பழக்கினார். 1948இல் டோபி நடு வெளிக்களத்தில் நிற்க, கிளீவ்லண்ட் உலகத் தொடரை வென்றது.

உங்கள் அணியிலும் உள்ளே நிற்கும் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றை வெளிக்களத்துக்கு மாற்றுங்கள். அதைத் தண்டனை என்று பிள்ளை நினைக்காதபடி முதலிலேயே ஏன் என்று சொல்லிவிடுங்கள். முதல் வாரம் பந்தில்லாமல் பின்னோக்கி ஓடுவது மட்டும். இரண்டாம் வாரம் கையால் எறியும் உயரப் பந்து, காற்றோடும் காற்றுக்கு எதிராகவும். மூன்றாம் வாரம் குச்சி குத்திப் பார்த்து அந்தப் பிள்ளைக்கான இடத்தைக் கண்டுபிடியுங்கள். அதற்குப் பிறகு ஆட்டத்தில் இறக்கலாம். முதல் ஆட்டத்தில் எதிரணியின் ஒவ்வோர் அடிப்பவருக்கும் எவ்வளவு முன்னால், எவ்வளவு பின்னால் என்று நீங்கள் ஓரத்தில் நின்று கையால் காட்டுங்கள். இரண்டாம் ஆட்டத்தில் காட்டாதீர்கள், அந்தப் பிள்ளையே தீர்மானிக்கட்டும்.